கத்தினால் கேட்குமா? – அறிவியல் கேள்வி பதில்

சென்ற இதழில், கைப்பேசிக் கோபுரத்தின் துணையில்லாமல் இரண்டு கருவிகள் வானலையில் நேரடியாகப் பேசிக்கொள்வதைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தோம். ‘பலரும் பகிர்ந்துகொள்ளும் அலைக்கற்றையில் பேசும் கருவிக்குத் தன் அனுப்புதிறனை (அலையை அனுப்பும் வலிமையை) தானே குறைத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று அதில் வந்த ஒரு வரி வாசகர் பலரை உறுத்தியிருக்கிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. அவை ஒன்றோடொன்று தொடர்புடையனவாகவும் இருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழாவில் தொண்டர்களுக்கு வாக்கி டாக்கி கொடுத்திருந்தோம். கரகம் ஆற்றங்கரையிலிருந்து புறப்படும் நேரத்தில், கோயிலிலிருந்து நாங்கள் சொன்னது அங்கிருந்த தம்பிக்குக் கேட்கவில்லை. அவருடைய கருவியில் பக்கத்துத் தோட்டத்து ஜாகாக்களின் (காவலாளிகளின்) பேச்சுதான் வந்து விழுந்ததாம். எல்லாக் கருவிகளையும் ‘ஹை’யில் வைத்தோம். சற்று நேரத்தில் அவர்களும் அப்படியே செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. நிலைமை பழையபடி ஆனதோடு, பேட்டரியும் பூக்குழி இறங்குவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. திறனைக் கூட்டினால் கேட்க வேண்டாமா?
– கோயில் திருவிழாக் குழுச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: அந்த அலைவரிசையில் நீங்கள் மட்டும் இருந்திருந்தால் கேட்டிருக்கும். ஓர் ஏற்பி (அலையைப் பெறும் கருவி) தனக்கு வரும் பேச்சைப் பிரித்தெடுக்குமா இல்லையா என்பதை அப்பேச்சின் வலிமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த வலிமைக்கும், அதே நேரத்தில் அதே அலைவரிசையில் வந்து சேரும் மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள விகிதமே தீர்மானிக்கிறது. மற்றவை என்பவற்றில் ஒன்று, ஏற்பியின் உள்ளேயே ஓயாமல் இருந்துகொண்டிருக்கும் வெப்ப இரைச்சல். இன்னொன்று அயலாரின் பேச்சு. ஆளில்லாத காட்டில் இருவர் பேசும்போது முதலாவது மட்டுமே தடை என்பதால், திறனைக் கூட்டக் கூட்ட அதை வென்றுவிடலாம். உங்களுக்குத் தடையாக இருந்ததோ இரண்டாவது.

நீங்கள் அனுப்பிய வரைபடத்தைக் கொண்டு தொலைவுகளைத் தோராயமாக இப்படி வைத்துக்கொள்வோம். கோயிலிலிருந்து ஆற்றங்கரை 600 மீட்டர். பக்கத்துத் தோட்டத்துக் கேட்டில் நிற்கும் ஜாகாவிடமிருந்து ஆற்றங்கரை 300 மீட்டர். கையில் பிடித்த கருவியிலிருந்து தரையை ஒட்டிச் செல்லும் அலை, தடையற்ற வெளியில் போவதைப் போலத் தொலைவின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் குறைவதில்லை. சற்றுத் தூரம் போனபின் நான்மடிக்கு ஏற்பக் குறைகிறது என்று கொள்வதே பொறியாளர் வழக்கம். அந்தக் கணக்கில், தொலைவு பாதியானால் வந்து சேரும் வலிமை 16 மடங்காகும். ஆகவே ஆற்றங்கரைத் தம்பியின் கருவிக்கு ஜாகாவின் குரல் உங்கள் குரலைவிட 16 மடங்கு, அதாவது (பத்து மடங்கை 10 என்றும் நூறு மடங்கை 20 என்றும் எண்ணும் அளவில்) 12 டெசிபெல், வலுவாக வந்திருக்கிறது. பண்பலை முறையில் இயங்கும் ஏற்பிக்கு இரண்டு குரல்களையும் கலந்து தரும் வழக்கமில்லை. சில டெசிபெல் வேறுபாடு இருந்தாலே வலுத்ததைப் பிடித்துக்கொண்டு மெலிந்ததை அறவே கைவிட்டுவிடும். அவர் காதில் ஜாகாவின் பேச்சு மட்டும் தெளிவாக விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

‘ஹை’ நிலை ‘லோ’வைப் போல் ஐந்து மடங்கு என்று கொள்வோம். நீங்கள் மட்டும் கூட்டியபோது 16 என்ற வேறுபாடு ஏறத்தாழ 3 ஆகக் குறைந்திருக்கும். அப்போதும் ஜாகாவின் குரலே வலுத்தது. அவர்களும் கூட்டியதும் அது மறுபடி 16 ஆகிவிட்டது. இரு தரப்பாரும் ஐந்து மடங்கு அனுப்புதிறனைச் செலவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தீர்கள். போதாக்குறைக்கு, நான்மடிக் கணக்கில் ஐந்து மடங்கு திறன் கொடுப்பது ஒன்றரை மடங்குத் தொலைவைத்தான். ஆனால் உங்கள் பேச்சால் தொல்லைப்படக்கூடிய பரப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். கருவியின் அட்டைப் பெட்டியில் இத்தனை கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் அச்சிடுபவர்கள் இந்த இரண்டாவது கணக்கை அச்சிடுவதில்லை.

கடைக்காரர் ‘கோட் போட்டுக்கொண்டால் அடுத்தவர் பேச்சு வராது’ என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோட் என்பது, உங்கள் பேச்சோடு சேர்ந்து செல்லும், 67 ஹெர்ட்ஸ் முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு தாழ்ந்த தொனி. அந்தத் தொனி இல்லாத பேச்சு வந்தால் உங்கள் கருவி ஒலிபெருக்கியை மூடிவிடும், அவ்வளவே. அலைகள் வானில் மோதிக்கொள்வதை அது தடுப்பதில்லை. அடுத்தவர் பேசிக்கொண்டிருப்பதே தெரியாமல் நீங்கள் பொத்தானை அழுத்தி அவர் பேச்சைக் குலைக்க அது வழிசெய்கிறது என்பதால், கோட் போடுபவர்கள் மெனுவில் ‘பிஸி சேனல் லாக்கவுட்’ (அலைவரிசையில் வேறொருவர் பேசும்போது உங்களைப் பேசவிடாத வசதி) என்று ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து இயக்கிவிடுவது நல்லது.

மலேசியாவில் பொதுமக்கள் வாக்கி டாக்கிக்கான 477 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 39 அலைவரிசைகள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு, விழாவுக்கு முன் பக்கத்துத் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு நடை போய், அவர்கள் எதில் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு வழியில்லை என்றால், ஆற்றங்கரையிலிருந்து கோயில் பக்கமாக 200 மீட்டரில் ஒருவரை நிறுத்திச் செய்தியை மாற்றித் தரச் செய்யுங்கள். 300 மீட்டரில் உள்ள ஜாகாவைவிட அவருடைய குரல் ஐந்து மடங்கு வலுவாக ஆற்றங்கரைக்கு வந்து சேரும், ‘ஹை’ தேவைப்படாது.

கேள்வி: ஐயா, எல்லாரும் கூட்டினால் பயனில்லை என்பது புரிகிறது. ஆனால் ஒரு கருவிக்கு மற்றக் கருவிகள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு திறனில் பேசுகின்றன என்பது தெரியாது. அப்படியிருக்க, தன் திறனை எந்த அளவில் வைப்பதென்று அது எப்படித் தீர்மானிக்கும்? நடுவில் ஒரு தலைமைக் கணினி இல்லாமல் இது முடியுமா? கணக்கோடு விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
– பொறியியல் மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: முடியும். அதற்கு நிறுவப்பட்ட விதியொன்று இருக்கிறது. அது வியக்கத்தக்க அளவுக்கு எளியது. 1993-இல் ஆய்வாளர்களான ஜெரார்ட் ஃபோஸ்கினியும் சோரன் மிலியானிச்சும் வெளியிட்ட கட்டுரையில் உள்ள அந்த விதி இது: ஒவ்வோர் ஏற்பியும் தனக்குக் கிடைக்கும் விகிதத்தை அளந்து தன் அனுப்புநருக்குச் சொல்லட்டும். அனுப்புநர், தான் இப்போது செலவிடும் திறனை, வேண்டிய விகிதத்தைக் கிடைத்த விகிதத்தால் வகுத்து வரும் எண்ணால் பெருக்கிக்கொள்ளட்டும். வேண்டியதைவிட அதிகம் கிடைத்தால் திறன் குறையும். குறைவாகக் கிடைத்தால் கூடும். அயலார் யார், எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்ற எதையும் அறிய வேண்டியதில்லை, ஏனெனில் அவர்கள் செய்யும் தொல்லை முழுவதும் அளந்த அந்த ஒற்றை விகிதத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இரண்டு ஜோடிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜோடியும் தனக்குள் பேசுகிறது. இரண்டும் ஒரே அலைவரிசை. இரைச்சலை 1 அலகு என்றும், ஓர் அனுப்புநரின் திறன் தன் ஏற்பியை முழுமையாகவும் அடுத்த ஜோடியின் ஏற்பியைப் பத்தில் ஒரு பங்காகவும் சென்றடைகிறது என்றும் கொள்வோம். இருவருக்கும் வேண்டிய விகிதம் 4. தொடக்கத்தில் இருவரும் 1 அலகில் பேசுகிறார்கள். கிடைக்கும் விகிதம், 1-ஐ 1.1-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.91. போதாது. விதிப்படி அடுத்த முறை இருவரும் 4.4 அலகுக்கு ஏறுகிறார்கள். இருவருமே ஏறிவிட்டதால் இப்போதும் போதாது; 5.76, பிறகு 6.30, பிறகு 6.52 என்று ஏறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏற்றம் சுருங்கிக்கொண்டே வந்து 6.67-இல் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் இருவருக்கும் சரியாக 4 கிடைக்கிறது. இருவருக்கும் குறைந்தது 4 கிடைக்கச் செய்யும் திறன் இணைகள் பல இருந்தாலும் அவற்றுள் மிகக் குறைந்த இணை இதுவே. எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் விதி இங்கேதான் கொண்டுவந்து விடும். 100 அலகில் கத்திக்கொண்டு தொடங்கினாலும் அடுத்த முறையே 44-க்கு இறங்கி, பிறகு படிப்படியாக 6.67-க்கு வந்து சேர்வார்கள்.

இனி ஜோடிகளைச் சற்று நெருக்கமாக வைத்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்காக இருந்த தொல்லை பத்தில் மூன்று பங்காகட்டும்; மற்றவை அப்படியே இருக்கட்டும். 1-இல் தொடங்கினால் 5.2, 10.24, 16.29 என்று எண் ஏறுகிறது. ஏற்றம் இம்முறை சுருங்குவதில்லை, விரிகிறது. இந்த ஓட்டத்துக்கு முடிவில்லை. கருவியின் உச்சவரம்பில் முட்டிக்கொண்டு, இருவரும் முழு வேகத்தில் பேட்டரியைத் தீர்த்துக்கொண்டு, இருவருமே வேண்டியது கிடைக்காமல் நிற்பார்கள். காரணம் எளியது. வேண்டிய விகிதமான 4-ஐ தொல்லைப் பங்கான 0.3-ஆல் பெருக்கினால் 1.2 வருகிறது. அந்தப் பெருக்குத்தொகை 1-க்குக் குறைவாக இருந்தால்தான் எண் ஓரிடத்தில் நிலைகொள்ளும். முதல் கணக்கில் அது 0.4. ஜோடிகள் பலவாகும்போது தனி எண்ணுக்குப் பதிலாக ஓர் அணியும் (மேட்ரிக்ஸ், எண்களின் கட்டம்), பெருக்குத்தொகைக்குப் பதிலாக அவ்வணியின் மிகப் பெரிய ஐகென் மதிப்பும் (அணி பெருக்கும் அளவைச் சொல்லும் எண்) வரும்; நிபந்தனை அதேதான்.

பாடப்புத்தகங்கள் முதல் கணக்கை விரிவாக எழுதிவிட்டு இரண்டாவதை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிடுகின்றன. திறன் கட்டுப்பாட்டின் உயிர்நாடி இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. கேட்பதையெல்லாம் கொடுக்க முடியாத நிலை ஒன்று உண்டு என்பதையும், அந்த நிலையில் திறனை எப்படித் திருகினாலும் பயனில்லை என்பதையும் அந்த விதியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதன்பின் செய்யக்கூடியவை வேறு வகையைச் சேர்ந்தவை: யாராவது ஒருவர் காத்திருக்கலாம், வேறு அலைவரிசைக்குப் போகலாம், அல்லது இருவரும் தங்கள் தேவையைக் குறைத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்வது என்பதற்கும் கணக்கு உண்டு. அதே 0.3 நிலையில் இருவரும் 4-க்குப் பதிலாக 2 போதும் என்று ஒப்புக்கொண்டால், எண் 5 அலகில் நிலைத்துவிடும். ஓர் அலைவரிசையில் அதிகபட்சம் எவ்வளவு செய்தி செல்லும் என்று சொல்லும் ஷானன் சூத்திரத்தின்படி ஒரு ஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு ஒவ்வொருவருக்கும் நொடிக்கு 1.58 பிட், இருவருக்குமாக 3.17 பிட் கிடைக்கிறது. அதே 5 அலகில் இருவரும் மாறி மாறிப் பேசியிருந்தால் மொத்தம் 2.58 பிட்தான் கிடைத்திருக்கும். ஆகவே இங்கே இருவரும் தாழ்ந்த குரலில் ஒரே நேரத்தில் பேசுவதே மேல். தொல்லைப் பங்கு 0.3-லிருந்து 1-ஆகிவிட்டால், அதாவது அயலானின் பேச்சு சொந்த ஜோடியின் பேச்சுக்குச் சமமாக வந்து விழுந்தால், ஒரே நேரத்தில் பேசும் இருவரும் எவ்வளவு திறனைக் கொட்டினாலும் மொத்தம் 2 பிட்டைத் தாண்ட முடியாது. அங்கே மாறி மாறிப் பேசுவதுதான் வழி. தொலைவில் இருப்பவனோடு ஒரே நேரத்தில் பேசலாம், பக்கத்தில் இருப்பவனுக்கு வழிவிட வேண்டும் என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. நேரடிப் பேச்சுக்கான நல்ல முறைகள் யாவும் முதலில் யார் யார் சேர்ந்து பேசலாம் என்று பிரித்துவிட்டு, அதன் பிறகே திறனைச் சீர்செய்கின்றன.

நடைமுறையில் அளவீடும் கட்டளையும் எவ்வளவு விரைவாக நடக்கின்றன என்பதும் முக்கியம். ஓடும் வண்டியில் இருக்கும் கைப்பேசியின் அலை நொடிக்குப் பலமுறை ஏறி இறங்கும். ஐஎஸ்-95 என்ற பழைய சிடிஎம்ஏ கைப்பேசி முறையில் (பலர் ஒரே அலைவரிசையில் தனித்தனிக் குறியீடுகளோடு பேசும் முறை) கோபுரம் ஒவ்வொரு கைப்பேசிக்கும் நொடிக்கு 800 முறை ‘கூட்டு’, ‘குறை’ என்று கட்டளையிட்டது. மூன்றாம் தலைமுறையில் (3ஜி) அது 1500 முறையாக உயர்ந்தது. நேரடிப் பேச்சில் இவ்வளவு அடிக்கடி கட்டளையிட இடமில்லாததால், சராசரி இழப்பை (வழியில் அலை மெலியும் அளவை) வைத்து ஒரு மதிப்பீடு செய்து, ஏற்ற இறக்கத்துக்காகச் சில டெசிபெல் கூடுதலாக வைத்துக்கொள்வதே வழக்கம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் சுண்ணாம்புக் குன்றை ஒட்டிய பள்ளத்தில் கைப்பேசிக்கு ‘லைன்’ கிடைப்பதில்லை. செம்பனைக் (எண்ணெய்ப் பனைக்) குலைக் கணக்கை மண்டோர்கள் (மேற்பார்வையாளர்கள்) கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள். டிராக்டர் மேலே ரோட்டுக்கு வந்த பிறகுதான் அது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. கைப்பேசிகள் நேரடியாகப் பேசிக்கொண்டால், கோபுரத்துக்கு அருகில் இருப்பவற்றுக்குத்தானே அது நன்றாக இயங்கும்? பள்ளத்தில் பயன்படுமா?
– தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறானது நடக்கும். கடையில் வாங்கும் கைப்பேசிகள் இன்று நேரடியாகப் பேசிக்கொள்வது பெரும்பாலும் புளூடூத், வைஃபை வழியேதான். அவற்றின் எட்டும் தூரம் குறைவு. கைப்பேசிச் சேவைக்கான அலைக்கற்றையிலேயே நேரடிப் பேச்சுக்கு வழிசெய்யும் ‘சைட்லிங்க்’ என்ற ஏற்பாடு, கைப்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 12ஆம் வெளியீட்டில், 2015-இல் வந்தது. மீட்புப் பணியாளர்களின் தேவையை முன்னிட்டு வந்த அது, 14ஆம் வெளியீட்டில் வாகனங்களுக்கும், 2020-இல் நிறைவடைந்த 16ஆம் வெளியீட்டில் 5ஜிக்கும் விரிந்தது. உங்கள் கேள்வி இந்த ஏற்பாட்டைப் பற்றியது என்று கொண்டு விடை சொல்கிறேன்.

நேரடிப் பேச்சுக்கு, கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் மேல்வழி அலைக்கற்றையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு வரும் கீழ்வழியைப் பயன்படுத்தினால் தொல்லைப்படுபவை சுற்றியுள்ள கைப்பேசிகள். அவை எங்கெங்கே இருக்கின்றன என்று பேசுகிற கருவிக்குத் தெரியாது. மேல்வழியில் தொல்லைப்படுவது கோபுரம் ஒன்றுதான். அது ஓரிடத்தில் நிற்கிறது. அது அனுப்பும் குறிப்பலையை அளந்து, தனக்கும் அதற்கும் இடையே எவ்வளவு இழப்பு என்று ஒவ்வொரு கைப்பேசியும் அறிந்துகொள்ள முடியும். எனவே, கோபுரத்தின் வீச்சுக்குள் இருக்கும் கருவி, தன் நேரடிப் பேச்சு கோபுரத்தில் போய் எவ்வளவு விழலாம் என்ற வரம்பை வைத்தே தன் திறனைக் கணக்கிடுகிறது.

கோபுரத்தில் விழும் தொல்லை −110 டிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டைச் சுழியமாகக் கொண்டு டெசிபெல்லில் எண்ணும் அளவு. கோபுரத்தின் அருகே, இழப்பு 100 டெசிபெல் மட்டுமே உள்ள இடத்தில் நிற்கும் கைப்பேசி −10 டிபிஎம், அதாவது 0.1 மில்லிவாட்தான் செலவிடலாம். இழப்பு 120 டெசிபெல் உள்ள இடத்தில் 10 மில்லிவாட் வரை போகலாம். இழப்பு 140 டெசிபெல் ஆகும் பள்ளத்து விளிம்பில் கணக்கு 1 வாட் வரை இடம் கொடுக்கிறது. ஆனால் கைப்பேசியின் உச்சவரம்பு 23 டிபிஎம், ஏறத்தாழ 200 மில்லிவாட் என்பதால் அங்கேயே நின்றுவிடும். கோபுரமே கேட்காத பள்ளத்தினுள் கருவி முன்கூட்டியே பதிந்து வைத்த வரம்புப்படி பேசும். ஆகக் கோபுரத்தின் காலடியில் நேரடிப் பேச்சு குசுகுசுப்பாகச் சுருங்கிவிடும். உங்கள் பள்ளத்திலோ அதற்கு முழு உரிமை உண்டு. மண்டோரின் கைப்பேசி பள்ளத்திலேயே டிராக்டரில் உள்ள கருவிக்குக் கணக்கைக் கொடுத்துவிட, டிராக்டர் ரோட்டுக்கு ஏறியதும் அதை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும் என்பது நடக்கக்கூடிய காரியமே.

எதிர்த் திசையில் வரும் தொல்லையையும் கவனிக்க வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் ஒருவர், தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டுவதற்காக 200 மில்லிவாட்டில் பேசிக்கொண்டிருந்தால், அவருக்குப் பத்தடி தள்ளியிருக்கும் நேரடிப் பேச்சின் ஏற்பி திணறிப்போகும். இதைத் திறனைக் கொண்டு தீர்க்க முடியாது. அவ்விருவருக்கும் வெவ்வேறு நேரத்தையோ அலைத்துண்டையோ ஒதுக்கிக் கோபுரம்தான் தீர்க்க வேண்டும்.

16ஆம் வெளியீட்டில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. அதுவரை கருவி கோபுரத்துக்கான இழப்பை மட்டுமே பார்த்தது. தன் ஜோடி பத்தடியில் இருந்தாலும், கோபுரம் தொலைவாக இருந்தால் முழுத் திறனையும் செலவிட்டது. இப்போது, இருவருக்கு மட்டுமான பேச்சில், தன் ஜோடிக்கான இழப்பையும் அளந்து, இரண்டு கணக்குகளில் எது குறைவோ அதைக் கொள்ளலாம். செம்பனை ஓலைகள் மழையில் நனைந்திருக்கும்போது அலை கூடுதலாக உறிஞ்சப்படும். வெயில் ஏறி ஓலை காய்ந்ததும் இழப்பு குறையும். ஜோடிக்கான இழப்பை அளக்கும் கருவி அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

கேள்வி: எங்கள் காலத்தில், லைனில் யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவோம். இன்றைய கருவிகளும் அப்படிக் கேட்டுவிட்டுப் பேசினால் போதுமே. எதற்காக இவ்வளவு கணக்கு?
– ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழில்நுட்பர், சுங்கை சிப்புட்

பதில்: அனுபவசாலியின் கேள்வி. வைஃபை இன்றும் அப்படித்தான் செய்கிறது. ஆனால் காது கொடுத்துக் கேட்பவன் அறிவது, தன் அருகில் பேசுபவன் இருக்கிறானா என்பதை மட்டுமே. தொல்லைப்படுவதோ கேட்டுக்கொண்டிருப்பவன், அவன் மௌனமாக இருக்கிறான். பேசுபவன் குன்றுக்கு அந்தப் பக்கமும் கேட்பவன் இந்தப் பக்கமும் இருந்தால், இந்தப் பக்கம் காது கொடுத்தவனுக்கு அலைவரிசை காலியாகத் தெரியும். அவன் பேச, கேட்டுக்கொண்டிருந்தவனின் செய்தி குலையும்.

திறனைக் குறைப்பது இந்தச் சிக்கலை ஒரு வகையில் கூட்டவும் செய்கிறது. சென்ற இதழில் இதற்கு இடமில்லாமல் போயிற்று. தாழ்ந்த திறனில் பேசுபவனின் குரல் அயலானை எட்டாது. எட்டாததால் அயலான் அலைவரிசை காலியென்று எண்ணி முழுத் திறனில் பேசுவான். அவனுடைய உரத்த குரல், தாழ்ந்த திறனில் பேசுபவனின் ஜோடியான ஏற்பியில் போய் விழும். அடக்கமானவன் நசுங்குவான். ஆகவே, ஒவ்வொருவரும் தனித்தனியே திறனைக் குறைத்துக்கொள்வது மட்டும் போதாது. கேட்பவனும் தன் இருப்பைத் தெரிவிக்க வேண்டும். குவால்காம் நிறுவனத்தார் உருவாக்கிய ஃபிளாஷ்லிங்க் என்ற நேரடிப் பேச்சு முறையில் அதற்கு ஓர் அழகான வழி இருந்தது. பேச்சு தொடங்குமுன், ஏற்பி தன் பக்கத்திலிருந்து ஒரு சிறு தொனியை, தன் ஜோடியிடமிருந்து வரும் வலிமைக்குத் தலைகீழான திறனில் எழுப்பும். ஜோடியின் குரல் தனக்கு மெலிந்து வந்தால் தொனி உரத்திருக்கும். வலுத்து வந்தால் தொனி தாழ்ந்திருக்கும். அந்தத் தொனியைக் கேட்கும் அயலான், அது எவ்வளவு உரத்து விழுகிறது என்பதிலிருந்தே, தான் பேசினால் அந்த ஏற்பிக்கு எவ்வளவு கேடு வரும் என்று கணக்கிட்டு, பேசுவதா விலகுவதா என்று முடிவு செய்துகொள்வான். நீங்கள் லைனில் காது வைத்துச் செய்த வேலையையே இது கேட்பவனின் பக்கத்திலிருந்து செய்கிறது.

கேள்வி: வகுப்பில் பிள்ளைகளுக்குப் புளூடூத் ஒலிபெருக்கியில் பாடம் போடும்போது, பக்கத்து வகுப்பிலும் ஒன்று இயங்குகிறது, பள்ளியின் வைஃபையும் இருக்கிறது. மூன்றும் ஒரே அலைக்கற்றையாமே? ஏன் மோதிக்கொள்வதில்லை?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: மோதிக்கொள்கின்றன, நமக்குத் தெரிவதில்லை. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 79 துண்டுகளாகப் பிரித்து நொடிக்கு 1600 முறை துண்டுக்குத் துண்டு தாவுகிறது. வைஃபை அமர்ந்திருக்கும் துண்டுகளைக் கண்டுகொண்டு அவற்றைத் தவிர்த்துவிடுகிறது. தவறியது மறுபடி அனுப்பப்படுகிறது. திறன் கட்டுப்பாடும் உண்டு: ஒலிபெருக்கி தனக்கு வரும் அலை தேவைக்கு மேல் வலுத்திருந்தால், குறைக்கும்படி கைப்பேசிக்குச் சொல்லிவிடும். பொதுவாகக் காணப்படும் இரண்டாம் வகைப் புளூடூத்தின் உச்சமே 2.5 மில்லிவாட்தான். உங்கள் கைப்பேசியை ஒலிபெருக்கி இருக்கும் மேசையிலேயே வைத்துக்கொண்டால் அதிலும் குறைவாகவே செலவாகும். பக்கத்து வகுப்புக்கும் நல்லது.

கேள்வி: குறைவாகப் பேசுவதுதான் எல்லாருக்கும் நல்லதென்றால், ஒருவன் மட்டும் ஏமாற்றிக் கூட்டிக்கொண்டால் அவனுக்கு லாபந்தானே? அவனை யார் தடுப்பது? நான் கடையில் வாக்கி டாக்கி விற்கிறேன். இணையத்தில் வாங்கிய, மிகக் கூடுதல் திறனுள்ள கருவிகளைக் கொண்டுவந்து ‘இதுபோல் உங்களிடம் இல்லையா’ என்று கேட்கிறார்கள்.
– மின்பொருள் வணிகர், சுங்கை சிப்புட்

பதில்: அவனுக்கு லாபந்தான், மற்றவர்கள் சும்மா இருக்கும் வரையில். ஒவ்வொரு கருவியும் தன் நலத்தை மட்டும் பார்த்துத் திறனைத் தேர்ந்தால், எல்லாருமே தேவைக்கு மேல் கத்தும் ஒரு நிலையில் போய் உறைந்துவிடுவார்கள் என்பதையும், எல்லாரும் ஒருசேரக் குறைத்தால் எல்லாருக்குமே நன்மை என்பதையும் விளையாட்டுக் கோட்பாட்டை (தத்தம் நலம் பார்ப்பவர்கள் எடுக்கும் முடிவுகளை ஆராயும் கணிதத்தை) கொண்டு நிறுவியிருக்கிறார்கள். 2002-இல் சரைதார், மந்தயம், குட்மன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு மருந்தும் உண்டு. ஒவ்வொரு கருவியும் செலவிடும் திறனுக்கு ஏற்ப ஒரு விலையைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளுமாறு விதித்தால், தன்னலமாகவே நடந்துகொண்டாலும் அது தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். உண்மையான பணம் கைமாறுவதில்லை. கருவிக்குள் ஓடும் நிரலில் வரும் ஓர் எண்தான் அந்த விலை. அதனாலேயே அந்த நிரல் மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

நிரல் இல்லாத சாதாரண வாக்கி டாக்கிக்கு விலைக்குப் பதிலாக விதிதான் உண்டு. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் சில பட்டைகளை வகுப்பு ஒதுக்கீடாகத் திறந்து வைத்திருக்கிறது. அவற்றில் பேசத் தனித்தனி உரிமம் வேண்டியதில்லை. ஆனால் எந்த அலைவரிசை, எவ்வளவு திறன் என்ற வரம்புகளுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். இத்தகைய பட்டைகளில் பிறருக்குத் தொல்லை தரக் கூடாது. பிறரால் தொல்லை வந்தால் பாதுகாப்புக் கோரவும் முடியாது.

உங்களிடம் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, கருவியில் மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் சான்று ஒட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாத கருவி எந்த வரம்பில் பேசுகிறது என்பதை விற்றவரே அறிய மாட்டார். மற்றொன்று, கணினியில் இணைத்து அலைவரிசையையும் திறனையும் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள கருவிகள், தவறான எண்ணில் பதிந்துவிட்டால் காவல், மீட்புத் துறையினரின் அலைவரிசையில் போய் விழக்கூடும். அத்தகைய கருவியைப் பதிந்து தருமாறு கேட்டு வருபவரிடம், எந்த வேலைக்காக, எவ்வளவு தூரத்துக்கு என்று முதலில் கேளுங்கள். கல்யாண மண்டபத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் இடையே பேசுவதற்கு என்றால், உங்கள் அலமாரியில் இருக்கும் சான்று பெற்ற சிறிய கருவியை ‘லோ’வில் வைத்துக் கொடுத்து, மண்டபத்து வாசலில் நின்று ஒருமுறை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.